சென்னப்பன் ஜீப்புக்கு ஊற்றிய தண்ணீர்

சென்னப்பன் யாரையும் நம்பமாட்டார். இப்படி நான் எழுதத் தொடங்கியது தெரிந்தால், "எம் பேர எதுக்கு டீச்சர் எழுதறீங்க, யாரு எழுதச் சொன்னது?" என்றுதான் கேட்பார். யாரும் சொல்லவில்லை. ஏழு வருஷமாக அவர் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒன்னிமலைத் தொடக்கப்பள்ளிக்குப் போய் வருகிறேன். நல்லம்பள்ளியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். எழுதுவதற்கு இந்தத் தகுதி போதும்.

டீக்கடையில் தன் கண்ணெதிரே கழுவிய டம்ளரில்தான் அவர் டீ குடிப்பார். டீசல் போடும்போது மீட்டரில் சைபர் தெரிகிறதா என்று தானும் பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்வார். பிறகு நான் சரியாகப் பார்த்தேனா என்று என் முகத்தைப் பார்ப்பார். கம்பைநல்லூரில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. பக்கத்து நிலம் பங்காளிகளுடையது. அவர்கள் வரப்பை நகர்த்திவிடுவார்கள் என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் பஸ் ஏறிப் போய், வரப்பைக் காலடியால் அளந்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார். பதினோரு வருஷமாக அந்த வரப்பு அப்படியேதான் இருக்கிறது. "நான் போறதாலதான் நகரல" என்பார். இதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

ஜீப் முப்பது வருஷத்துக்கு முந்தைய டீசல் வண்டி. ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸ் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தார். ஒன்னிமலைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பஸ் போகாது. அடிவாரத்திலிருந்து மேலே போக இரண்டே ஜீப், ஒன்று இவருடையது, இன்னொன்று மாதேஷுடையது. ரேஷன் அரிசி, சிமெண்ட் மூட்டை, உர மூட்டை, கல்யாணப் பெண், காய்ச்சல்காரன், ஆடு எல்லாம் இந்த இரண்டிலும்தான் ஏறி இறங்க வேண்டும். சென்னப்பன் வீட்டில் உலை கொதிப்பதும், மகள் பிரியதர்ஷினி தருமபுரிக்குப் போய் காலேஜில் படிப்பதும் இந்த ஜீப் ஓடுவதால்தான்.

போன ஐப்பசியில் ஜீப் கொதிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது வளைவு தாண்டும்போதே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். பிறகு பானெட் ஓரத்திலிருந்து ஆவி. சென்னப்பன் வண்டியை நிறுத்துவார். நாங்கள் எல்லாரும் இறங்குவோம். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்போம். அவர் பானெட்டைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் யாரையும் கிட்டே விடமாட்டார். சூடு கொஞ்சம் ஆறியதும் ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, கால் திருகு திருகுவார். உஸ்ஸென்று சீறி அடங்கும். அடங்கிய பிறகுதான் மீதித் திருகு. என்ஜினை ஓடவிட்டபடியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அந்த வேலையில் அவர் பொறுமைசாலி, அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

குறை அவர் ஊற்றிய தண்ணீரில் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் குடிக்க. போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, மற்ற எல்லாவற்றுக்கும். போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லைப் பார்த்தால் தெரியும், பழுப்புக் கோடு விழுந்திருக்கும். என் பல்லிலும் இருக்கிறது. வயதானவர்களுக்கு முட்டியும் முதுகும் மடங்காமல் போவதையும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு ஏடு கட்டும், சுரண்டினாலும் போகாது. அதனால் ஆற்றுத் தண்ணீரை யாரும் வீணாக்கமாட்டார்கள். ஆற்றுத் தண்ணீரை வண்டிக்கு ஊற்றினான் என்றால் தெருவே அவனைத் திட்டும். மனுஷன் குடிக்க ஆகாத தண்ணீர் இரும்புக்கும் ஆகாது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சென்னப்பனோ ஒரு படி மேலே. அவர் வீட்டு போர் தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரும் ஜீப்புக்குள் போகக்கூடாது. அடிவாரத்துத் தொட்டியில் எவனாவது உப்பைக் கரைத்திருப்பானாம். தன் வீட்டில் பிடித்து, கேன் மூடிக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டு, பின்சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வருவார். தண்ணீர்க் கேனுக்குப் பூட்டுப் போட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நஞ்சப்பன் அந்த ஜீப்பை இருபது வருஷமாகப் பார்த்துவரும் மெக்கானிக். ஒருநாள் சாயங்காலம் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். அவர் ரேடியேட்டர் வாய்க்குள் விரலைவிட்டு வழித்துக் காட்டினார். விரல் நுனியில் வெள்ளையும் துருவும் கலந்த சேறு.

"போர் தண்ணி ஊத்தாதீங்க சென்னப்பண்ணே. உள்ள உப்பு கட்டிக்கினு தண்ணி ஓட எடமே இல்ல. கூலன்ட் ஊத்துங்க. இல்லீன்னா ஆத்துத் தண்ணியாச்சும் ஊத்துங்க. இந்த என்ஜினு ஜாம் ஆயிட்டா வேற கெடைக்காது. வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் போவும்."

சென்னப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பியதும் என் பக்கம் சாய்ந்து, "கூலன்ட் விக்கற கடைக்காரனும் இவனும் ஒரே ஊருங்க டீச்சர். இப்பப் புரியுதா?" என்றார்.

அதோடு விடவில்லை. அந்த வாரமே ரேடியேட்டருக்குப் போகிற குழாயைத் தானே கழற்றி, உள்ளே இருந்த தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார். வட்டமாக, நடுவில் சின்னக் கதவு வைத்தது போல இருக்கும் அந்தச் சாமான். "பாருங்க, தண்ணி போற வழியில எவ்ளோ பெரிய அடைப்ப வெச்சிருக்கறான்" என்று என்னிடம் காட்டினார். என்ஜின் சூட்டை ஒரே அளவில் வைப்பதற்காக வண்டியைச் செய்த கம்பெனியே வைத்து அனுப்பிய சாமான் என்று நஞ்சப்பன் பிறகு சொன்னபோது, "மாட்டினவன் அப்பிடித்தான சொல்லுவான்" என்றார். இருபது வருஷப் பழக்கம் அன்றோடு முடிந்தது. நஞ்சப்பன் எதிரே வந்தால் இவர் ஹாரன் அடிப்பதுகூட இல்லை.

கார்த்திகை மாதம் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். திங்கட்கிழமைகளில் ஜீப் நன்றாக ஏறியது. பத்தாவது வளைவு வரைக்கும் முள் பாதியிலேயே நிற்கும். புதன், வியாழன் ஆக ஆகப் பழையபடி கொதிக்கும். சனிக்கிழமை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும். மறுபடி திங்கட்கிழமை நன்றாக ஏறும். அவரிடம் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம்.

அவர் ஸ்டியரிங்மேல் விரல்விட்டுக் கிழமைகளை எண்ணினார். "அப்ப செவ்வாக்கெழம யாரோ வேலையக் காட்டறான்" என்றார்.

அன்றுமுதல் வேவு பார்க்க ஆரம்பித்தார். பானெட்டின் இரண்டு பக்கக் கொக்கியிலும் கறுப்பு நூல் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு வைத்தார். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். நூல் இருந்தது. முடிச்சு இரண்டுதான் இருந்தது.

"மூணு போட்டேன் டீச்சர். எம் பொண்ணு மேல சத்தியமா மூணு."

ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீரைத் திறந்துவிடுகிற திருகைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஈரம். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ தண்ணீரை இறக்குகிறான், தண்ணீர் இல்லாமல் என்ஜின் ஜாம் ஆக வேண்டும், ஜீப் நின்றால் ஒன்னிமலை முழுக்க மாதேஷுக்கு. மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நிறைய இருந்தது, அதுவும் தெளிவாக இருந்தது. தண்ணீரை இறக்கியவன் எதற்கு மறுபடி ரொப்பி வைத்தான் என்று கேட்டேன். "அதுல என்னாத்தக் கலந்தானோ" என்றார். சந்தேகப்பட முடிவு செய்துவிட்டவருக்குக் காரணமா பஞ்சம்.

அடிவாரத்தில் ஜனங்கள் எல்லாரும் நிற்க, அந்தத் துண்டு நூலை மாதேஷின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத அவுத்தது நீதான?"

மாதேஷுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கோபக்காரன் இல்லை. வழியில் இவர் ஜீப் நின்றால் கல் வைத்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு உதவியவன் அவன்தான். முதலில் அவனுக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று.

"உங்க வண்டி நின்னா உங்க ஆளுங்களயும் நாந்தாங்க ஏத்தணும். எம் வண்டி தாங்காது. அதுக்கா உங்க வூட்டுக்கு வந்து தண்ணி புடுங்குவேன்?" என்றான். "இனிமே நீங்க நடுவழியில நின்னாலும் நான் நிக்கமாட்டேன்."

சொன்னபடியே நிற்காமல் போனான். பனியிலும் வெயிலிலும் நாங்கள் வளைவுகளில் காத்துக் கிடந்தோம். என்மீதே எனக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமைக் கதையை நான் சொல்லாமல் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பங்குனியில் நூலை விட்டுவிட்டு மண்ணுக்கு மாறினார். செம்மண்ணை மாவு போலச் சலித்து, சனிக்கிழமை இரவே ஜீப்பின் முன்பக்கம் தரையில் பரப்பிவிட்டார். வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல வரப்பை அளக்கப் போனார். திங்கட்கிழமை காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கையில் ஒரு ஈர்க்குச்சியோடு குந்தி உட்கார்ந்திருந்தார். மண்ணில் தண்ணீர் ஊறிக் காய்ந்த இடத்தில் ஒரு வெறும் காலின் தடம் ஐந்து விரலோடு அச்சாகப் பதிந்திருந்தது. அதை ஈர்க்குச்சியால் அளந்து ஒடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மாதேசு செருப்பக் கழட்டச் சொல்லி அளக்கறேன் பாருங்க."

நான் குனிந்து பார்த்தேன். "இவ்ளோ சின்னதா இருக்குதே. பொம்பள காலுங்க இது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பார்வை என் முகத்துக்கு வந்து, அங்கிருந்து நேராக என் காலுக்கு இறங்கியது. ஏழு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். அதற்கும் முன்பே அவர் மகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பை உதறிவிட்டு, "அளந்துக்கோங்க!" என்று தடத்துக்குப் பக்கத்தில் காலை வைத்தேன். என் கால் பெரிய கால், தடத்தைவிட இரண்டு விரல் அதிகம். வெட்கம் கொஞ்சமும் இல்லாமல் அவர் அதையும் அளந்தார்.

அப்போதுதான் சசிகலா டிபன் பாக்ஸோடு வெளியே வந்தார். சென்னப்பனின் மனைவி அதிகம் பேசுகிறவர் அல்ல. ஈர்க்குச்சியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். டிபன் பாக்ஸை பானெட்மேல் வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கி, அந்தத் தடத்தின்மேலேயே தன் வலது காலை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"டீச்சர ஏங்க அசிங்கப்படுத்தறீங்க? நாந்தான்" என்றார்.

சென்னப்பன் குந்தியபடியே இருந்தார்.

சசிகலா ஒவ்வொன்றாகச் சொன்னார். கார்த்திகையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும், அவர் கம்பைநல்லூருக்குப் போன பிறகு, அடித் திருகைத் திறந்து அந்தச் சேற்றுத் தண்ணீரை இறக்குவாராம். இரண்டு தரம் அலசிவிட்டு ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி ரொப்புவாராம். நூல் கட்டியிருந்த வாரங்களில் அதை அவிழ்த்து மறுபடி மூன்று முடிச்சுப் போட்டுவிடுவாராம், தையில் ஒருநாள் ஒன்று குறைந்துவிட்டது. சேறு இறங்கினால் இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடும். அதற்குள் அவர் வழியெல்லாம் போர் தண்ணீரை ஊற்றிப் பழையபடி ஆக்கிவிடுவார். மறுபடி ஞாயிற்றுக்கிழமை இறக்கி ஊற்ற வேண்டும்.

"என்ஜினு ஜாம் ஆனா இரும்புக் கடைதான்னு நஞ்சப்பண்ணன் சொல்றாரு. நீங்க கேக்கமாட்டேங்கறீங்க. இந்த வண்டி நின்னா நாம எங்கங்க போறது?"

நான் மாதேஷை நினைத்துக்கொண்டேன், வளைவில் காத்துக் கிடந்த ஜனங்களை நினைத்துக்கொண்டேன். இந்த மனிதர் இப்போது அந்த அம்மாவின் காலில் விழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சென்னப்பன் மெல்ல எழுந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"நஞ்சப்பங்கிட்ட நீ எப்பப் பேசுன?" என்றார்.

தெருவில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று. சசிகலா அழவில்லை.

"அவுருகிட்டப் பேசலீங்க. அவுரு வூட்டுக்காரம்மாகிட்டத்தான் கேட்டுத் தெரிஞ்சிக்கினேன். ஏன்னு தெரியுமா? இந்தக் கேள்வி வரும்னு தெரியும். அதுக்குத்தான். ஆத்துத் தண்ணி நமக்கு வாரத்துக்கு நாலு கொடந்தான் வருது. ஒரு கொடம் உங்க வண்டிக்கு. மீதி உங்களுக்கும் புள்ளைக்கும் சமையலுக்கும். நாலு மாசமா நான் போர் தண்ணியத்தான் குடிக்கறேன். அதக் கேக்கணும்னு தோணல பாத்தீங்களா உங்களுக்கு."

உள்ளே போய்விட்டார். டிபன் பாக்ஸ் பானெட்மேலேயே இருந்தது. அதை நான்தான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கும் திங்கட்கிழமை, ஜீப் எங்கும் நிற்காமல் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சசிகலா ஜீப்பைத் தொடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நானாக இருந்தாலும் தொட்டிருக்கமாட்டேன்.

சித்திரை பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு, பதினோராவது வளைவில், ஆவிகூட வரவில்லை. முள் சிவப்பைத் தொட்டு, பிறகு திடீரென்று கீழே விழுந்துவிட்டது, சூட்டை அளந்து காட்ட உள்ளே தண்ணீரே மிச்சமில்லாததால். ஒரு கடகடப்பு கேட்டது. என்ஜின் நின்றது. பின்னால் பதினொரு பேரும் ஒரு கைக்குழந்தையும். சென்னப்பன் இறங்கி பானெட்டைத் திறந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நூல் இல்லை, தடம் இல்லை, மாதேஷ் மலைக்குக் கீழே இருந்தான். சந்தேகப்பட அங்கே ஓர் ஆள் இல்லை. கல்மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து மேலே வந்த மாதேஷ் வண்டியை நிறுத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்காரியை முதலில் ஏற்றினான். பிறகு ஜீப்பைக் கட்டி இழுத்து, நஞ்சப்பனின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான்.

நஞ்சப்பன் ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைப் பெயர்த்து, சென்னப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பார்த்தேன். வரிசையாக இருக்க வேண்டிய மெல்லிய துளைகள் பாதிக்கு மேல் வெள்ளையாக மூடிக்கிடந்தன. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இருப்பதே அங்கேயும் இருந்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தொறந்து கெடக்குது பாருங்க, அது வழியாத்தான் தண்ணி ஓடியிருக்குது. இல்லீன்னா தை மாசமே போயிருக்கும்" என்றார் நஞ்சப்பன். "உங்க நல்ல காலம். என்ஜினு மேல்மூடி, இந்த ஹெட்டுதான் வளைஞ்சிருக்குது. செதுக்கி எடுத்துப்புடலாம். வண்டி ஓடும்."

நல்ல காலம் யாருடைய உருவத்தில் வந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னப்பன் அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். தெர்மோஸ்டாட்டைப் பையிலிருந்து எடுத்து நஞ்சப்பனிடம் நீட்டினார். அதைத் தூக்கி எறியாமல் இத்தனை நாள் சாட்சிக்காக வைத்திருந்திருக்கிறார். "இதயும் மாட்டிடு" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவ்வளவுதான். நஞ்சப்பனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜீப் இப்போது ஓடுகிறது. பச்சைக் கூலன்ட் ஊற்றியிருக்கிறது, புது பெல்ட், புது ஹோஸ். பதினான்கு வளைவையும் ஒரே மூச்சில் ஏறுகிறது. கேனுக்குப் பூட்டு இல்லை. மாதேஷும் அவரும் அடிவாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பைநல்லூருக்குப் போவதை நிறுத்திவிட்டார். வரப்பு என்ன ஆயிற்றோ தெரியாது.

போன வாரம் ஆற்றுத் தண்ணீர் வந்த நாள். நானும் வரிசையில் நின்றேன். பெண்கள் மட்டுமே நிற்கிற அந்த வரிசையில் சென்னப்பன் இரண்டு குடத்தோடு வந்து நின்றார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது, ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. என் கண்ணெதிரே அவர் குழாயைத் திருகினார், குடத்தை இரண்டு தரம் கழுவினார், பிடித்தார், தோளில் வைத்துக்கொண்டு போனார். நானும் என் குடத்தோடு பின்னாலேயே வந்தேன். வாசலில் சசிகலா முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். சென்னப்பன் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் எடுத்துவந்து, குடத்தைச் சாய்த்து, முதல் டம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

சசிகலா வாங்கினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எந்தத் தண்ணி இது?"

"ஆத்துத் தண்ணிதான். இப்பத்தான் புடிச்சிக்கினு வரேன். டீச்சரக் கேளு."

சசிகலா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க, நான் பாத்தேன்" என்றேன். என் காலை அளந்த அந்த மனிதரின் பார்வை எப்படி இருந்ததோ, அதே பார்வை இப்போது அந்த அம்மாவின் கண்ணில் இருந்தது. டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து, காலிக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே குழாயடிக்கு நடந்தார்.

சென்னப்பன் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னா நம்பமாட்டேங்கறா டீச்சர்" என்றார்.